நூறால் வகுக்கும் வாய்ப்பாடு

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிப் புதுவைக்கு வரும் பிரான்சு உறவினர்கள், சாக்லேட்டுகளோடும் நறுமண நீர்ப்புட்டிகளோடும் ஒரு வாய்ப்பாட்டையும் கொண்டுவருகிறார்கள். சென்ற முறை கடற்கரைப் பக்கத்து உணவகம் ஒன்றில் நால்வர் உண்டு எழுந்தோம். 3,200 ரூபாய் என்று சீட்டு வந்தது. என் மைத்துனர் அதை நூறால் வகுத்தார். "முப்பத்திரண்டு யூரோதானா மச்சான்! பாரீசில் இந்தப் பணத்துக்கு இரண்டு பேர் சாப்பிட்டாலே பெரிது" என்றார்.

நான் மட்டும் யோக்கியனா? பாரீசுக்குப் போயிருந்தபோது ஒரு காப்பி இரண்டரை யூரோ என்றதும் மனத்துக்குள் பெருக்கத் தொடங்கிவிட்டேன். காப்பி கசந்தது. அவர் வகுத்தார், நான் பெருக்கினேன். இரண்டும் பொய்க் கணக்கே.

நாணய மாற்று விகிதம் எல்லை தாண்டிச் செல்லும் சரக்குக்கும் பணத்துக்கும் உரியது. சமையற்கட்டில் வியர்க்கிறவனின் உழைப்பு எந்த எல்லையையும் தாண்டுவதில்லை. ஓர் உணவின் விலையை அறிய வேண்டுமா? அதற்காக ஒருவன் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் வாங்குவதைப் பற்றிப் பேசிய பிலிப்பு இருநூறு தெனாரியத்தைக் குறிப்பிட்டாரே, ஒரு தெனாரியம் அன்று ஒருநாள் கூலி. அவர் அறிந்தோ அறியாமலோ உழைப்பால் அளந்தார்.

நாமும் அப்படியே அளந்து பார்ப்போம். 2024 நவம்பரில் பிரான்சில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், பிடித்தங்களுக்கு முன், மணிக்கு 11.88 யூரோ. கைக்கு வருவது ஒன்பதரை யூரோவுக்குச் சற்றுக் குறைவு. பதினாறு யூரோ உணவுக்கு அங்குள்ள கடைநிலை ஊழியர் ஒன்றேமுக்கால் மணி நேரம் உழைத்தால் போதும். நம் பக்கம் வருவோம். 2025-26-ஆம் ஆண்டுக்கு, தமிழ்நாட்டிலும் புதுவையிலும் நூறு நாள் வேலைக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். வாழையிலையில் 120 ரூபாய்ச் சாப்பாடு என்றால், எட்டு மணி நேர வேலைநாளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அதற்கே போய்விடும். நாங்கள் தலைக்கு 800 ரூபாய்க்கு உண்டதோ இரண்டு நாட்கூலிக்கும் மேல்! கொத்தனாருக்கு இதைவிட அதிகம் கிடைக்கிறது என்பீர்கள். மெய்தான். அவருக்கும் அது ஒருநாள் கூலிக்கு அருகே வரும்.

ஆகவே, மலிவு எது? பிரான்சில் விலைப்பட்டியலிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கும். பரிமாறுகிறவர் சில்லறையை நம்பிப் பிழைப்பதில்லை. இங்கே மைத்துனர் தட்டில் ஐம்பது ரூபாய் வைத்தார். "அரை யூரோ" என்று அதை மட்டும் அவர் வகுத்துச் சொல்லவில்லை. சாப்பாடு மலிவு என்று வியக்கிறோமே, உண்மையில் மலிவாக இருப்பது பரிமாறிய இளைஞனின் சம்பளம்.

1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களில் எங்கள் உறவுகளும் உண்டு. அவர்களுடைய உழைப்பையும் ஓய்வூதியத்தையும் நான் பழிக்கவில்லை. ஆனால் யூரோப் பைக்கும் வார இறுதிச் சுற்றுலாப் பயணிக்கும் ஏற்ப விலை எழுதப்பட்ட வீதிகளில், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் பட்டியலை வாசலில் நின்று படித்துவிட்டு நடையைக் கட்டுகிறான். அவனிடமும் "மலிவு" என்போமா?

இந்த ஆண்டும் மைத்துனர் வருவதாக எழுதியிருக்கிறார். சீட்டு வந்ததும் வகுக்கத் தொடங்குவார். முதலில் அந்த இளைஞனிடம் மாதச் சம்பளம் என்னவென்று கேட்கச் சொல்லப் போகிறேன்.