நானோ மருந்து ஏவுகணை இல்லை!



புற்றுநோய்க்கு நானோ மருந்து என்று பத்திரிகையில் துணுக்கு வந்தாலே, "ஏவுகணை போல் கட்டியை மட்டும் தாக்கும், பக்கவிளைவே கிடையாது" என்றுதான் எழுதறாங்க. எனக்கு இது பிடிக்கலை. ஏன்னு சொல்றேன்.

டாக்ஸோரூபிசின் என்று ஒரு கீமோ மருந்து இருக்கிறது. பார்க்கச் செக்கச்செவேல்னு இருக்கும். புற்றுச் செல்லைக் கொல்லும், ஆனா இதயத்தையும் கெடுக்கும். அதனால் வாழ்நாளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்காங்க. இதே மருந்தைக் கொழுப்பால் ஆன குட்டி உருண்டைக்குள் அடைத்து டாக்ஸில் என்று கொண்டு வந்தாங்க. அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. ஓர் உருண்டை சுமார் 100 நானோமீட்டர். பத்தாயிரம் உருண்டையை வரிசையா அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்!

இந்த உருண்டைக்குக் கண் கிடையாது, குறி பார்க்கவும் தெரியாது. இரத்தத்தோடு சும்மா சுற்றி வரும். இதயத்தின் இரத்தக்குழாய்ச் சுவரில் இடைவெளி ரொம்பச் சின்னது, அதில் நுழையாது. கட்டியோ அவசர அவசரமா வளருது. அதனால் அதன் இரத்தக்குழாய் அரைகுறையா பூசின தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒழுகும். அந்த ஓட்டை வழியாவும் மருந்து உள்ளே போகுது. இதில் ஏவுகணை எங்கே இருக்கு?

2016-ல் ஒரு ஆய்வுக்குழு, முந்தின பத்து வருடத்தில் விலங்குகளிடம் செய்த சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. ஊசியில் போட்ட நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம்தான். நூறு ரூபாய் கொடுத்தனுப்பினால் எழுபது காசுதான் போய்ச் சேருது! மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும்.

அப்போ இது வீணா? இல்லவே இல்லை. மார்பகப் புற்றுநோய் பரவிய 509 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. பழைய மருந்தும் உருண்டை மருந்தும் நோயை ஏறக்குறைய ஒரே அளவுதான் கட்டுப்படுத்தின. ஆனா உருண்டை மருந்தில் இதய பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. முடி கொட்டியது பழைய மருந்தில் 66 சதவீதம் பேருக்கு, இதில் 20 சதவீதம் பேருக்கு. ஆனா உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவது 2 சதவீதத்திலிருந்து 48 ஆகக் கூடியது. பக்கவிளைவே இல்லைன்னு இதை எப்படிச் சொல்லலாம்? இதயம் தப்பிக்குது என்று எழுதினாலே போதுமே, அதுவே பெரிய விஷயம்தானே!

இதை நான் விளையாட்டுக்கு எழுதலை. எங்க தெருவில் ஒரு அத்தைக்குக் கீமோ நடக்குது. பார்க்க வர்றவங்க எல்லாம், "நானோ மருந்து வரப்போகுதாம், ஒண்ணும் பண்ணாதாம், அதுவரைக்கும் பொறுத்துக்கயேன்" என்று சொல்லிட்டுப் போறாங்க. அத்தையும் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடலாமான்னு யோசிக்கிறாங்க. கட்டி பொறுத்துக்குமா? 1995-லேயே வந்த மருந்துக்கு இனிமேல் எதுக்குக் காத்திருக்கணும்?

அதனால் டாக்டரிடம் கேட்க ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கேன்: "எனக்குப் போடுகிற மருந்து இதயத்தைப் பாதிக்குமா? பாதிக்கும் என்றால் உருண்டையில் அடைத்த மருந்து எனக்குப் பொருந்துமா? விலை எவ்வளவு?" அத்தை வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போறாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி