படம் பொய் என்று அவளுக்குத் தெரியும்

அழகு அறுவை சிகிச்சை பற்றிய ஊடகக் கல்விப் பயிற்சி என்றதும் பயிற்சியாளர்களான நம்மில் பலரும் பென்டிரைவில் எடுத்துச் செல்வது ஒரே வீடியோவைத்தான். ஒரு சாதாரண முகம், மேக்கப், விளக்கு, கணினியில் கழுத்தை நீட்டுவது, கண்ணைப் பெரிதாக்குவது, கடைசியில் சாலையோர விளம்பரப் பலகை. டவ் நிறுவனம் 2006இல் வெளியிட்ட அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, ‘பார்த்தீங்களா, எல்லாம் பொய்’ என்று முடிக்கிறோம். மாணவிகளும் கைதட்டுகிறார்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தின் கிளியனூரிலோ திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டிலோ கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கும் பெண், பஸ் வருவதற்குள் பத்து செல்ஃபி எடுத்து ஒன்பதை அழித்து, மிஞ்சிய ஒன்றுக்கு ஃபில்டரும் போட்டுவிடுகிறாள். முகத்தை மாற்றும் வித்தை நம்மைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும். பொய் என்று தெரிந்த பிறகும் அந்த மூக்கும் அந்த நிறமும் வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது? நம் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை.

பொய்யைச் சுட்டிக்காட்டினால் போதும் என்று நம்பியது நாம் மட்டுமல்ல. மாடல்களின் படத்தைக் கணினியில் ஒல்லியாக்கினால் அதைச் சொல்ல வேண்டும் என்று இஸ்ரேல் 2012இல் சட்டம் போட்டது. ‘திருத்தப்பட்ட படம்’ என்ற குறிப்பை பிரான்ஸ் 2017 அக்டோபரில் கட்டாயமாக்கியது. இத்தகைய குறிப்புகளை ஆஸ்திரேலிய உளவியலாளர் மரிகா டிகெமன் போன்றோர் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். குறிப்பைப் படித்த பெண்களுக்குத் தங்கள் உடல்மேல் இருந்த அதிருப்தி பெரிதாகக் குறையவில்லை. நம் அரைநாள் பயிற்சியும் வாயால் ஒட்டும் அதே குறிப்புதான் என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு பாதை போட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தை ஆரம்பித்தது. பள்ளிகளில் ஊடகக் கல்விப் பட்டறைகளும் நடத்தியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் சேர்ந்தபின் நாடே திரும்பிப் பார்த்தது. ‘கறுப்பும் அழகுதான்’ என்ற ஆறுதலோடு நிற்காமல், சிவப்பழகு விளம்பரத்தைக் குறிவைத்து மனு போட்டதுதான் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம். கறுத்த நிறத்தவரை அழகற்றவர்களாகவும் வாழ்க்கையில் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று 2014இல் விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை கொண்டுவந்தது. 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று விற்ற களிம்பு 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. நாம் வகுப்பில் போடும் டவ் வீடியோவும் இந்தக் களிம்பும் ஒரே யூனிலீவரின் சரக்கு. வீடியோவைப் போட்டே ஆக வேண்டும் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், வகுப்பு சூடுபிடிக்கும்.

வானூர்ப் பக்கம் அழகு அறுவை சிகிச்சை பற்றிப் பேசப் போனால், ‘எங்க ஊர்ல யாரு மேடம் அதெல்லாம் பண்றாங்க’ என்ற பதில்தான் முதலில் வரும். அது நியாயமான பதில். ஆனால் சர்ஜரி என்பது ஒரு படிக்கட்டின் மேற்படி. கீழ்ப்படியில் நிற்பது மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. அடுத்த படியில் பார்லர் ஃபேஷியல், அதற்கு மேலே லேசர், நிறம் வெளுக்கப் போடும் குளூட்டாதயோன் ஊசி. மேலே ஏற ஏற, போக வேண்டிய ஊர் புதுச்சேரியாகவோ சென்னையாகவோ மாறுகிறது. கீழ்ப்படியிலேயே ஆபத்து இருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஒரு குறியீடு தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு களிம்பு பூசியவர்கள். காரணம் களிம்பில் இருந்த பாதரசம். சர்ஜரியை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு பயிற்சி நடத்தினால் இந்தப் பெண்களுக்கு அது அயலூர்க் கதை.

மேற்படியின் கதைகளும் தூரத்தில் இல்லை. 2016இல் சென்னையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2022இல் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன கன்னட நடிகை சேத்தனா ராஜ் 21 வயதில் இறந்தார். யூடியூபைப் பார்த்தோ பட்டறையில் உட்கார்ந்தோ இத்தகைய சிகிச்சைகளைச் செய்யத் தொடங்குவது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் எழுதி அறிவிக்க வேண்டிவந்தது. ஊடகக் கல்வி வெட்டுபவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்லி மாணவிகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பயம் இரண்டு வாரம்தான் நிற்கும். சர்ஜரி வேண்டும் என்று கை தூக்கும் பெண்ணை வகுப்பின் நடுவே குற்றவாளியாக்குவது அதைவிட மோசம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இலவச சிகிச்சை தொடங்கியபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். நாம் தராவிட்டால் கடன் வாங்குவார்கள், ஆபத்தான வழிக்குப் போவார்கள் என்றும் சொன்னார். தொற்றுநோய்க்கும் விபத்துக்கும் போக வேண்டிய பணம் இது என்று எதிர்த்தவர்கள் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனாலும் கடன் பற்றி அமைச்சர் சொன்னது உண்மை. மார்பின் கனத்தால் தோளும் முதுகும் வலிக்கும் பெண்ணுக்கு அது அழகுப் பிரச்சினையே அல்ல. தீக்காயத் தழும்போடும் உதட்டுப் பிளவுத் தையலோடும் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளும் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்படியானால் வகுப்பில் செய்வது என்ன? ஒரு கிளினிக் ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ரீல் போதும், ஆனால் அரைமணி நேரம் அதிலேயே உட்காருங்கள். ‘முன்’ படத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுகிறது. கண்ணுக்குக் கீழே நிழல். முடியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், உதடு இறுகியிருக்கிறது. ‘பின்’ படத்தில் வெளிச்சம் நேர் எதிரே, முடி தோளில், முகத்தில் சிரிப்பு, காதில் கம்மல்கூட மாறிவிட்டது. இதுவரை மாணவிகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இதற்குப் பிறகுதான் பயிற்சி. மருத்துவர் பெயர் எங்கே? பதிவு எண் எங்கே? பேசும் பெண்ணுக்குப் பணம் கொடுத்தது யார்? பணம் வாங்கிப் பேசினால் அதைத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலும் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் சொல்லியிருக்கின்றன. அந்த அறிவிப்பு திரையில் எந்த மூலையில், எத்தனை நொடி நிற்கிறது? மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளியை இழுக்கக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை. அது மருத்துவரைக் கட்டுகிறது, கம்பெனி பெயரில் நடக்கும் கிளினிக் நழுவிவிடுகிறது. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் வட்டியைக் கட்டுவது யார்? பிளஸ் டூ கணக்குப் போதும், கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.

எல்லா முகமும் இப்படி ஒளிப்பதில்லை. நடிகை ஸ்ருதி ஹாசன் 2020 பிப்ரவரியில் தான் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதை இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகச் சொன்னார். வெட்கப்படவில்லை, பரிந்துரைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்றார். விவாதத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒளிக்காமல் சொன்னால் ஆசை குறைகிறதா, கூடுகிறதா என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வாயை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் எரிக் ஸ்டைஸ் குழு வளர்த்தெடுத்த ‘பாடி ப்ராஜெக்ட்’ முறையில், ஒல்லிதான் அழகு என்பதற்கு எதிராகப் பேச வேண்டியது பயிற்சியாளர் அல்ல, அந்தப் பெண்களே. ஒரு கருத்தைப் பிறர் முன்னால் தன் வாயால் மறுத்தவள், பிறகு அதை உள்ளே பழையபடி வைத்திருக்கச் சிரமப்படுகிறாள். பல நாடுகளில் சோதித்து நின்ற முறை இது.

இதற்கு விழுப்புரம் மாவட்டத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. தன்னார்வலர்களை வைத்துப் பாடம் நடத்திய அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். ஊர்ப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பழகிய இளம்பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ரீலைப் பிரித்துக் காட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லும்போது அக்கா தனக்கும் சொல்லிக்கொள்கிறாள். மாலையில் அம்மாக்களும் வந்து நிற்பார்கள். ‘பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி’ என்று தரகர் சொன்னதைக் கேட்டுக் களிம்பு வாங்கிவருவது பெரும்பாலும் அம்மாதான். அவரை விட்டுவிட்டு மகளுக்கு மட்டும் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அளவீடு பற்றி ஒன்று. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்க, 2005இல் வந்த 15 கேள்வி அழகு அறுவை சிகிச்சை மனப்பான்மை அளவுகோலைப் பலர் மொழிபெயர்த்து வைத்திருக்கிறீர்கள். அதில் ‘செய்துகொள்ள யோசிப்பேன்’ என்ற பகுதிக்கு நம் பெண்கள் தரும் குறைந்த மதிப்பெண்ணை நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் கையில் காசில்லை என்பதன் மதிப்பெண். ‘இலவசமாகக் கிடைத்தால்’ என்று அதிலேயே இருக்கும் கேள்விக்கு வரும் பதிலைத் தனியாகப் பாருங்கள். தீக்காயம், உதட்டுப் பிளவு ஆகியவற்றைத் தனிக் கேள்வியாக்குங்கள். களிம்பு, ஊசி, லேசர் மூன்றையும் சேருங்கள். பயிற்சி முடிந்த மாலையில் நிரப்பிய தாளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைகளை இனி இந்த இதழ் ஏற்காது. ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் திரும்பிப் போய்க் கேட்ட தாளும் சேர்ந்து வரட்டும், முடிவு தோல்வியாக இருந்தாலும் அச்சிடுகிறோம்.