கடலையை வறுத்தால் நஞ்சு போய்விடுமா?

சென்ற பருவ விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, சமையலறை மேலடுக்கில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் நிறைய பச்சை நிலக்கடலை இருந்தது. தீபாவளிக்கு மலிவு விலையில் மொத்தமாக வாங்கியதில் மீந்தது. மூடியைத் திறந்ததும் ஈரத்துணி வாடை அடித்தது. சில பருப்புகளின் மேல் மஞ்சளும் பச்சையுமாகத் தூள் படிந்திருந்தது. குப்பையில் கொட்டப் போன என் கையைப் பாட்டி பிடித்துக்கொண்டார்.

“எதுக்குக் கொட்டுற? கழுவி, வெயில்ல காயவச்சு வறுத்தா எல்லாம் சரியாப் போயிடும். காசு கொடுத்து வாங்குன பொருளு.”

பாட்டியின் பேச்சில் கஞ்சத்தனம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அவர் வாழ்ந்து கற்ற பாடம். ஆனால் பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுத்தவரை அந்தச் சிக்கனம் ஆபத்தானது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு படித்த பிள்ளைகளான நமக்கு இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலைக்கு எதிரி அல்லன். நாசி லெமாக் பொட்டலத்தில் கடலை குறைந்தால் முகம் சுருங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். சாத்தே குழம்பும் அப்பாம் பாலேக்கும் கடலை இல்லாமல் ஏது? ஈப்போ, புந்தோங்கில் ‘கம்போங் கச்சாங் பூத்தே’ என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் பட்டாணியும் வறுத்து, முறுக்கு சுட்டு நாட்டுக்கே கொடுத்து வருகின்றன.

சத்திலும் கடலை யாருக்கும் சளைத்ததன்று. 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 26 கிராம் புரதம் இருக்கிறது. பேரங்காடியில் பல மடங்கு விலைக்கு விற்கப்படும் பைன் கொட்டையில் ஏறக்குறைய 14 கிராம்தான். கடலையில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி இதயத்திற்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பு. நார்ச்சத்து, ஃபோலேட், நியாசின் ஆகியவையும் உண்டு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சாப்பிட்டால் சுமார் 170 கலோரி கிடைக்கும். ஒவ்வாமை இல்லாத, கையில் காசு குறைவாக உள்ள விடுதி மாணவருக்கு இதைவிடச் சிக்கனமான சத்துணவு கிடைப்பது அரிது.

அப்படியானால் சிக்கல் எங்கே? கடலையை நாம் வைத்திருக்கும் விதத்தில்தான்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீவனமாகப் போடப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் சுரந்த நஞ்சு இருந்தது தெரியவந்தது. அஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்னும் அந்தப் பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி, நஞ்சுக்கு ‘அஃப்லாடாக்சின்’ என்று பெயரிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. இது தாக்குவது கல்லீரலை.

இந்த நஞ்சு நம் நாட்டுக்குப் புதியதன்று. 1988ஆம் ஆண்டு பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தனர். அந்தத் துயரத்தை ஆராய்ந்த மருத்துவர்கள் அஃப்லாடாக்சினையே முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டனர். அது கடலையால் நேர்ந்ததன்று. ஆனால் தானியமானாலும் கடலையானாலும் ஈரம் பட்டால் இதே பூஞ்சணம் வளரலாம்.

இனி பாட்டியின் வாதத்துக்கு வருவோம். வறுத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. வறுக்கும்போது பூஞ்சணம் சாகும். அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு முழுமையாக அழியாது. அவிக்கும் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வறுக்கும் சூட்டில் ஓரளவு குறையலாம், அவ்வளவுதான். கழுவினால் மேலே உள்ள தூள் போகும். பருப்புக்குள் இறங்கியது போகாது. வறுத்த வாசனை கெட்ட வாடையை மறைத்துவிடுவதால், சாப்பிடுபவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காமல் போகிறது.

தெரியாமல் ஒரு கெட்ட பருப்பைத் தின்றதால் உடனே நோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமன்று. சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் போவதுதான் கவலைக்குரியது. அதிலும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலில் இருப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடுகிறது. நம் வயதினருக்குக் கைக்குழந்தையிலேயே அதற்கான தடுப்பூசி போடப்பட்டது. ஆனால் மலேசியாவில் அத்திட்டம் 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம் பெற்றோரிலும் தாத்தா பாட்டிகளிலும் பலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. கெட்டதைக் கொட்ட மனம் வராமல் வறுத்துச் சாப்பிடுபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தாம். எனக்கு உறுத்துவது இதுதான்.

“அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கடலையில் இந்த நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு நம் உணவு விதிமுறைகளில் வரம்பு உண்டு. ஆனால் வாங்கி வந்த பிறகு வீட்டு அலமாரியில் ஆறு மாதம் கிடப்பதை எந்த அதிகாரியும் வந்து சோதிக்க முடியாது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் எப்போதும் ஈரம் நிறைந்த காற்றும் பூஞ்சணத்துக்குப் பிடித்தமானவை. நம் நாட்டில் அது ஆண்டு முழுதும் கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மலிவு என்று ஐந்து கிலோ வாங்கிப் பாதியைக் கொட்டினால் அது மலிவன்று. வாங்கியதும் தட்டில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் படிந்தது, உடைந்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். ஈரமில்லாத, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். சிறு தீயில், தேவையான அளவு மட்டும் வறுங்கள். வாயில் போட்டதும் கசந்தாலோ பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ துப்பிவிடுங்கள். கசப்பு இல்லை என்பதால் நஞ்சும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். போத்தல் முழுதும் பூஞ்சண வாடை வந்தால் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். பைன் கொட்டை, வால்நட் போன்றவற்றின் எண்ணெய் கடலையைவிட விரைவாகக் கெடும் என்பதால் அவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி இன்னும் அவசியம்.

தொடக்கப்பள்ளியில் ஈர ரொட்டியில் பூஞ்சணம் வளர்வதைப் பார்த்து, குறிப்பெழுதி, மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம். அந்தப் பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிட்டது. அம்மாவின் கடலை போத்தலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. புலனத்தில் வரும் மருத்துவக் குறிப்புகளை வீட்டுப் பெரியவர்கள் நம்புகிறார்கள் என்று கேலி செய்கிறோம். நாம் கற்றதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

அன்று நான் பாட்டியிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டார், பாதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “அந்தக் காலத்துல முறத்துல போட்டுப் புடைச்சு, சொத்தையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் வறுப்போம். இப்ப எல்லாம் பொட்டலத்துல வருது, யாரு பாக்குறா?” என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். நஞ்சு பெரும்பாலும் ஒரு சில கெட்ட பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிவதே நல்ல தற்காப்பு என்று நான் படித்திருந்தேன். பாட்டிக்கு அந்த வேலை எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர் மறந்துபோன பழக்கத்தை நினைவூட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் படித்ததற்கு அவரிடமே ஒரு முறம் இருந்தது.

அந்தப் போத்தலை இருவரும் சேர்ந்தே கொட்டினோம். மறுநாள் பாட்டி அரை கிலோ மட்டும் வாங்கி வரச் சொன்னார். இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனால், நீங்களும் மேலடுக்கில் உள்ள போத்தல்களை ஒருமுறை திறந்து பாருங்கள்.