உகுலேலேயும் ஒலிபெருக்கியும்

உகுலேலே வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் செய்யும் சிபாரிசு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) பொருத்தியதையே எடுத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் மேடை ஏறினால் உதவும் என்பார். வாசிக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சிபாரிசு அநாவசியம் என்பதும், அதற்கென்று கொடுக்கும் பணத்தை நல்ல மரத்துக்குக் கொடுத்துவிட்டு, மேடை கிடைக்கும்போது ஒரு மைக்கை எதிரே வைத்துக்கொள்வதே உத்தமம் என்பதும் என் அபிப்பிராயம்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடீராத் தீவிலிருந்து 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூன்று மரவேலைக்காரர்களின் கைவண்ணத்தில் உருப்பெற்று, மன்னர் கலாகௌவாவின் ஆதரவினால் ஹவாயின் சொந்த வாத்தியமாகவே ஆகிவிட்ட உகுலேலே, அருகில் உட்கார்ந்து கேட்பவர்களை உத்தேசித்துப் பிறந்தது. அதன் சோப்ரானோ வகையில் தந்தி அதிரும் நீளம் சுமார் 13 அங்குலம்தான். மீட்டிய நாதம் நீடிப்பதுமில்லை. ஆகவே பெரிய மண்டபத்தில் அதற்கு மின்சார சகாயம் வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எந்த சகாயம் என்பதில்தான் விவகாரம்.

உலோகத் தந்தி பூட்டிய நம் வீணைக்குக் காந்தப் பிக்கப் ஏற்கும். நைலான் தந்தி பூட்டிய உகுலேலேக்கு அது பயன்படாது. அதனால் பாரிஸில் கியூரி சகோதரர்கள் 1880-இல், அதாவது அந்தக் கப்பல் ஹவாய் சேர்ந்த மறு வருஷமே, கண்டுபிடித்த ஒரு தத்துவத்தைச் சரணடைய வேண்டியதாயிற்று. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகப் பொருளைக் கொண்ட பீசோ பட்டை ஒன்று, தந்திகள் ஏறி நிற்கும் எலும்புத் துண்டின் அடியில் செருகப்படுகிறது. அது அங்கே விழும் அழுத்தத்தை அறியுமேயன்றி, பெட்டிக்குள் சுழன்று வெளிவரும் காற்றின் இனிமையை அறியாது. பாடகரின் தொண்டையில் காதை வைத்துப் பாட்டைக் கேட்பதற்கு ஒப்பானது அது. போதாததற்கு, பீசோவை நேராக மிக்சரின் சாதாரண வாயிலில் செருகிவிட்டு, ஓசை தகரம்போல் இருக்கிறதென்று வாத்தியத்தை நிந்திக்கிறவர்களும் உண்டு. சுமார் 10 லட்சம் ஓம் தடை கொண்ட ப்ரீஆம்ப் ஒன்று நடுவில் இல்லாவிட்டால் கீழ் ஸ்வரங்கள் மெலிந்துபோவது அதன் சுபாவம்.

மைக்கோ நாம் கேட்பதையே கேட்கிறது. துவாரத்துக்கு நேராக வைத்தால் குமுகுமுவென்று இரையும்; கழுத்து உடலோடு சேருமிடத்தை நோக்கி முக்கால் அடி, ஓரடி தூரத்தில் வைத்தால் மரமும் தந்தியும் சமமாக ஒலிக்கும். கண்டென்சர் வகையானால் மிக்சரில் 48 வோல்ட் பொத்தானை மறக்கலாகாது. வழக்கமான முறையில் சுருதி சேர்த்த உகுலேலேயின் அடி ஸ்வரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். ஆதலால் 150-க்குக் கீழே உள்ளதை அறவே வெட்டிவிடலாம், சங்கீதத்தில் இம்மியும் நஷ்டமில்லை, இரைச்சலும் 'ஊ' என்ற ஊளையும் குறையும். (பாஸைக் கூட்டினால்தான் கச்சேரி களைகட்டும் என்று நம்பும் மைக்செட்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.) தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையுமாதலால், வாசிப்பவர் இடம் விட்டு அசையாதிருக்க வேண்டும். இந்த முறைக்குக் கொடுக்க வேண்டிய விலை அதுதான்.

டிரம்ஸும் பாஸ் கிதாரும் முழங்கும் மேடையில், நடந்துகொண்டே வாசிப்பவருக்கு மைக் உதவாது. அங்கே பிக்கப்தான் கதி. அப்போதும், கோவா (koa) மரத்தில் செய்த நல்ல வாத்தியத்தில் தாமே துளை போடாமல், கைதேர்ந்த வாத்தியத் தச்சரிடம் ஒப்படைப்பது விவேகம். பிக்கப்பை எந்த ஆம்ப்ளிபையரில் செருகுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்: எலெக்ட்ரிக் கிதாரின் ஆம்ப்ளிபையர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மென்மையான ஒலிகளை விழுங்கிவிடும். அகூஸ்டிக் வாத்தியங்களுக்கென்று செய்ததையே தேட வேண்டும். வயரைச் செருகிய நிமிஷத்திலிருந்து ப்ரீஆம்ப்பின் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுவது நல்லது.