சதுப்பில் முளைத்த சிரிப்பு

பேய்ப் படம் பார்க்கும்போது சிரிப்பு வந்துவிட்டால் படம் ஊத்திக்கொண்டது என்று அர்த்தம். விமர்சகர்கள் இந்த ஒரு வரியோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். எடிட்டிங் மேசையிலேயே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அது போதவில்லை. சிரிப்பு எந்த ஷாட்டில் வந்தது, யாரைப் பார்த்து வந்தது என்று துருவத் தோன்றுகிறது. அப்படித் துருவ வைத்த படம் ஒன்று பின்லாந்துக்காரர்கள் 1952இல் எடுத்தது. ‘நொய்டா பாலா எலாமான்’ என்று பெயர். சூனியக்காரி மறுபடி உயிர்பெறும் கதை. ரோலண்ட் ஆஃப் ஹேல்ஸ்ட்ரம் இயக்கியது. மூலக்கதை மிகா வால்தாரியின் நாடகம். ‘எகிப்தியன்’ நாவலை எழுதி உலகப் புகழ் பெற்ற அதே வால்தாரிதான்.

கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சதுப்பில் தொல்லியல் ஆராய்ச்சி நடக்கிறது. தோண்டத் தோண்ட, பல நூற்றாண்டுகளுக்கு முன் புதைந்த பெண்ணின் உடல் வெளிப்படுகிறது. உடலில் ஒரு மர முளை அறையப்பட்டிருக்கிறது. முளை எதற்காக அறைந்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிய படிப்பாளிகள் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். (பிடுங்காவிட்டால் படம் ஏது?) புயல் அடிக்கிறது. சதுப்பில் மிர்யா மானே என்ற இளம் நடிகை ஒட்டுத்துணியில்லாமல் தோன்றுகிறார். அதன்பிறகு அங்கே இருக்கும் ஆண்களுக்கெல்லாம் புத்தி பிசகுகிறது.

இப்படிச் சொல்லும்போதே உங்களுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் கதையின் அஸ்திவாரம் கேலிக்குரியதே இல்லை. 1950இல் டென்மார்க்கின் சில்க்கபோர் பக்கம் கரிச் சதுப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓர் ஆணின் உடலைக் கண்டார்கள். முகத்தில் தாடி முள்முள்ளாகத் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் அப்படியே இருந்தது. கழுத்தில் தோல் கயிறு. யாரையோ சமீபத்தில் கொன்று புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்து போலீசுக்குத் தகவல் சொன்னார்கள். செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சதுப்பு நீரில் பிராணவாயு கிடையாது. அங்கே மண்டும் பாசி தண்ணீரைப் புளிக்கவைத்துத் தோலைப் பதனிட்டுவிடும். எலும்பு கரைந்தாலும் முகம் கரையாது. வட ஐரோப்பாவில் இப்படிக் கிடைத்த உடல்களில் சிலவற்றைக் கொம்பும் முளையும் கொண்டு சதுப்போடு சேர்த்து அழுத்தியே வைத்திருந்தார்கள். எழுந்து வந்துவிடக் கூடாது என்கிற பயம் சினிமாக்காரன் கற்பனை இல்லை.

பின்லாந்துக்கு இது அந்நியச் சமாச்சாரமும் இல்லை. அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆதியில் சதுப்பாகவே இருந்தது. மேற்கே இசோக்குரோ பக்கம் லெவான்லுஹ்தா என்று ஓர் ஊற்று நிலம். இரும்புக் காலத்தில் அங்கே நூறு பேர் அளவுக்குத் தண்ணீரில் அடக்கம் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மண்ணிலுள்ள இரும்பால் தண்ணீர் சிவந்திருக்கும். ஏன் தண்ணீரில் போட்டார்கள், ஏன் அவர்களை மட்டும் போட்டார்கள் என்ற கேள்விக்கு முடிவான பதில் இன்றுவரை இல்லை. காலடியில் இவ்வளவு இருந்தும் படம் நம்மை எங்கே கூட்டிக்கொண்டு போகிறது? வரவேற்பறைக்கு. நாடகம்தானே மூலம்! டை கட்டிய ஆண்கள் விஞ்ஞானம், மூடநம்பிக்கை என்று மாறி மாறிப் பேசுகிறார்கள்.

சிரிப்பு பிறப்பது அந்தப் பேச்சுக்கும் கேமராவுக்கும் நடுவில். கேமராவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை. வசனத்துக்கோ அவளைக் கண்டிக்க ஆசை. ஒரே படத்தில் இரண்டும் நடக்கும்போது பார்ப்பவன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. திகைத்த ஆண் முகங்களுக்குப் படத்தில் பஞ்சமில்லை. தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்: பயந்த முகத்தின் ரியாக்‌ஷன் ஷாட் பத்து பிரேம் கூடுதலாக நின்றால் போதும், பயம் விலகி அசடு வழியத் தொடங்கிவிடும். சிரித்து முடித்தபிறகு யோசித்தால், நான் ஒரு தடவைகூட அந்தச் சூனியக்காரியைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று புரிந்தது. மானே கூச்சமின்றி, தயக்கமின்றி நடிக்கிறார். அசடு வழிவதெல்லாம் எதிரே நிற்கும் கனவான்கள்தாம். சிரிப்பு சரியான விலாசத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இயக்குநர் அனுப்பியதுதானா என்பது வேறு விஷயம்.

அந்த வருடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1952 பின்லாந்துக்குச் சாதாரண வருடமில்லை. ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தது. சோவியத் யூனியனுக்குச் செலுத்த வேண்டியிருந்த போர் இழப்பீட்டின் கடைசித் தவணை கட்டி முடிந்தது. முதல் பிரபஞ்ச அழகி பட்டம் ஆர்மி கூசெலா என்ற பின்லாந்துப் பெண்ணுக்குக் கிடைத்தது. உலகமே தன்னைப் பார்க்கிறது என்று ஒரு தேசம் தலைவாரிக்கொண்டு நின்ற நேரம். அந்நேரத்தில் சதுப்பிலிருந்து ஒருத்தி தலைவாராமல் எழுந்து வந்தால் பதற்றம் வராதா? படத்தின் தடுமாற்றமெல்லாம் அந்தப் பதற்றம்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு கோளாறு, இவள் உள்ளூர் சூனியக்காரியே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பின்லாந்து நீதிமன்றங்களில் சூனியக் குற்றத்துக்கு நின்றவர்களில் ஆண்கள் ஏராளம்; தொடக்கத்தில் அவர்கள்தான் அதிகம். மந்திரம் என்றால் அங்கே வயதான, முரட்டு நாட்டு மந்திரவாதிதான் நினைவுக்கு வருவார். வெளிநாட்டுக் கப்பல்களிலும் பின்லாந்து மாலுமியைக் கண்டால் காற்றை முடிச்சில் கட்டி வைத்திருப்பான் என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்ற காலமுண்டு. ஆண்களை மயக்கும் இளம் சூனியக்காரி வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு. பயத்தை இரவல் வாங்கினால் அளவு சரியாக இருக்காது.

இதே 1952இல் அதே நாட்டில் இன்னொரு படம் வந்தது: எரிக் ப்ளூம்பெர்க்கின் ‘வெள்ளை மான்’. கலைமானைத்தான் சொல்கிறேன். ப்ளூம்பெர்க் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். மனைவி மிர்யாமி குவோஸ்மனேனும் அவருமாகத் திரைக்கதை எழுத, மனைவியே கதாநாயகியாக நடித்தார். மான் மேய்க்கப் போகும் கணவன் வீடு தங்குவதில்லை. அவன் மனைவி பிரிதா வசிய மருந்து கேட்டு மந்திரவாதியிடம் போகிறாள். திரும்பும் வழியில் முதலில் எதிர்ப்படும் உயிரைப் பலி கொடுக்கச் சொல்கிறான். எதிர்ப்படுவது கணவன் ஆசையாகக் கொடுத்த வெள்ளை மான்குட்டி. பலி கொடுத்தபின் அவளே வெள்ளை மானாக மாறி, துரத்தி வரும் ஆண்களைக் கொல்கிறாள். கடைசியில் கணவன் இரும்பு ஈட்டியோடு மானைக் குத்துகிறான். விழுந்து கிடப்பது மனைவி.

ரத்தம் குடிக்கும் கலைமான்! சொல்லிப் பாருங்கள், சதுப்புச் சூனியக்காரியைவிட இதுதான் பெரிய அபத்தம். ஆனால் திரையில் ஒருவரும் சிரிப்பதில்லை. காரணம் எளிது. லாப்லாந்தின் பனிவெளி, பனியில் நட்ட மான்கொம்புகளுக்கு நடுவே நிற்கும் பலிக்கல், சறுக்குவண்டிகளில் மான் பூட்டி ஓட்டும் பந்தயம் எல்லாம் நிஜம். பெண் மானாவதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை; ஒரு வெட்டு, அவ்வளவுதான். யாரும் எதையும் விளக்குவதில்லை. 1953இல் கான் விழாவில், ழான் கொக்தோ தலைமையிலான நடுவர் குழு இதற்குப் பரிசு கொடுத்தது. பிற்பாடு பின்லாந்தின் தேசிய ஒலி-ஒளிக் காப்பகம் 4கே தரத்தில் புதுப்பித்தும் விட்டது.

அதிலும் குறை உண்டு. பிரிதாவுக்குக் கோரைப்பல் முளைத்துத் தெரியும் ஒரு நொடி இருக்கிறது. ரத்தக்காட்டேரிக் கதைகளிடம் கடன் வாங்கிய பல். அங்கே மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். சாமி பழங்குடியினரின் கதையை அவர்கள் அல்லாதவர்கள் எடுத்து, அவர்கள் உடையை மாட்டிக்கொண்டு நடித்தார்கள் என்ற குறை சிரிக்கக்கூடியதல்ல.

பிற்காலத்தில் பின்லாந்துக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். 2010இல் வந்த ‘ரேர் எக்ஸ்போர்ட்ஸ்’ படத்தில் மலைக்கடியில் தோண்டி எடுப்பது கிறிஸ்துமஸ் தாத்தாவை. சிரிக்கச் சொல்லியே சிரிக்க வைக்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் படம் நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தால் நாம் மறந்தும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஹேல்ஸ்ட்ரம் படத்தில் அவர் மறைக்க நினைத்ததெல்லாம் வெளியே கிடக்கிறது. நான் அதன் பக்கம்.

திகிலையும் சிரிப்பையும் சேர்க்க கண்ணடிக்கவும் தேவையில்லை. பின்லாந்துக் காட்டு மக்களிடம் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. காட்டில் போகிறவரைக் காடு மறைத்துக்கொள்ளும். தெரிந்த பாதையே தெரியாததாகிவிடும். பறவைச் சத்தம் நின்றுபோகும். தேடி வருபவர்கள் பக்கத்திலேயே நடந்தும் அவரைப் பார்க்க மாட்டார்கள். மாடு தொலைந்தாலும் இதே விளக்கம்தான். தப்பிக்க வழி: சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும், அல்லது வலது கால் செருப்பை இடது காலில் மாட்ட வேண்டும்.

நடுக்காட்டில் உயிர்ப் பயத்தில் நடுங்கிக்கொண்டே ஒருவன் கோட்டைத் திருப்பிப் போடுகிறான். கை நடுக்கத்தில் நூல் பிரிந்த கைப்பகுதி மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இந்தக் காட்சியை யாராவது எடுத்தால் அரங்கில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நடிகரின் முகத்துக்கு குளோசப் வைக்காமல் இருந்தால் போதும், மீதியை நான் மேசையில் பார்த்துக்கொள்கிறேன்.