ஒரிஜினலை அழிச்சிடாதீங்க!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாத்திலும் கறுப்புப் பிசுக்கு. அந்தப் படங்கள் உங்க போனுக்கும் ஃபார்வர்டா வந்திருக்கும். இருந்தா, ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்க. படகின் பதிவெண் தெரியுதா? எந்தத் தேதியில் எடுத்த படம்னு சொல்ல முடியுதா?

பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் நிவாரணம்னு அரசு அறிவித்தது. எந்தப் படகு, எந்த இடம், எந்த நாள் என்பதுதான் இந்த மாதிரி நேரத்தில் முக்கியம். அந்த விவரங்களைத்தான் படம் அனுப்பும்போதே நாம தொலைச்சிடுறோம்.

எப்படி? 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். கண்ணுக்குச் சட்டுனு தெரியாத நுண்விவரங்களைக் கழிச்சுவிடும். நிறத்தில் இன்னும் கஞ்சம்: பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒரே நிற மதிப்புதான். தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்தால் தெரியும் வானவில் மினுமினுப்பு மெல்லிய நிற மாற்றம்தானே? முதல் அடி அதுக்குத்தான்.

உங்க போன் கேமரா நல்ல தரத்தில்தான் சேமிக்குது. வாட்ஸ்அப்தான் அதைச் சின்னதாக்கி, மறுபடி கம்ப்ரஸ் பண்ணுது. கோப்புக்குள் இருந்த எடுத்த நேரம், ஜிபிஎஸ் இடம் எல்லாம் அங்கேயே போயிடும். அதை டவுன்லோட் பண்ணி ஸ்டேட்டஸில் போட்டா இன்னொரு சுற்று இழப்பு.

"பிஎன்ஜியா மாத்திட்டா போச்சு"ன்னு சிலர் சொல்வாங்க. பிஎன்ஜி இழப்பில்லாத வடிவம்தான். சர்க்யூட் படம், கிராஃபுக்கு அதுதான் சரி. ஆனா அது இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது.

அப்போ கம்ப்ரஷன் வில்லனா? இல்லை. புயல் நேரத்தில் கிடைச்ச கொஞ்ச சிக்னலில் படம் வெளியே போக அதுதான் வழி. செய்தி பரப்ப சின்னப் படம் போதும். ஆதாரத்துக்குப் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்குது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் மாறிடும். மறுபடி கம்ப்ரஸ் ஆன படம், கணக்குக்கு வேறொரு கோப்பு.

அதனால் நாலு விஷயம்:

1. கேமராவில் லொகேஷனை ஆன் பண்ணி எடுங்க.
2. ஒரிஜினலை எடிட் பண்ணாம, அழிக்காம வையுங்க. ஒரு பிரதி பென்டிரைவில்.
3. ஆதாரமா அனுப்பும்போது போட்டோவா இல்லாம 'டாக்குமெண்ட்'டா அனுப்புங்க.
4. அதை நம்பிக்கையான ஆளுக்கு மட்டும். ஒரிஜினலில் நீங்க நின்ற இடமும் இருக்கு, மறக்காதீங்க.

நாம டிசிடி ஃபார்முலாவை 13 மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடுறோம். நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் அதுக்கு வேற மதிப்பு இருக்கு. அங்கே உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காவது 'டாக்குமெண்ட்'டா அனுப்பக் கத்துக்கொடுங்க. அடுத்த கசிவு வர்றதுக்கு முன்னாடியே.