நாற்பதுக்குப் பின் ஒரு நிகாஹ்



விவாகரத்தான நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்திக்குச் சம்பந்தம் வந்தால், நமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுவதைக் கேட்டிருப்பீர்கள். "பேரப்பிள்ளை காணப்போற வயசில உனக்கு என்னத்துக்குக் கலியாணம்?" என்பார் ஒருவர். "கேட்டு வந்ததே பெரிசு. ஆள் எப்பிடி எண்டு பாத்துக்கொண்டிருக்காம ஓம் எண்டு சொல்லு" என்பார் இன்னொருவர். ஒரு பேச்சு கதவை அடைக்கிறது. மற்றது கண்ணைக் கட்டி வெளியே தள்ளுகிறது. இரண்டிலும் அவளுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? மஃகில் இப்னு யஸார் (ரழி) அவர்களின் சகோதரியைக் கணவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தா முடிந்த பின் அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். ரோசம் மேலிட்ட மஃகில் (ரழி) கொடுக்க மறுத்தார்கள். சகோதரிக்கோ அவருடன் வாழ விருப்பமிருந்தது. அப்போதுதான், இத்தா முடிந்த பெண்கள் முறைப்படி மணமுடிப்பதைத் தடுக்க வேண்டாமென்று கட்டளையிடும் வசனம் (2:232) இறங்கியது. மஃகில் (ரழி) தமது ரோசத்தை விட்டுக்கொடுத்து மணமுடித்து வைத்தார்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் விடயம் இதற்கு நேர்மாறானது. ஏற்கெனவே மணமாகியிருந்த அப்பெண்மணியை, விருப்பமில்லாத ஓரிடத்தில் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள். இவ்விரண்டு சம்பவங்களும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. தடுக்கவும் கூடாது, திணிக்கவும் கூடாது.

சரி, விருப்பம் இருக்கிறது, சம்பந்தமும் வந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது? பாதிமா பின்த் கைஸ் (ரழி) அவர்களைப் பாருங்கள். இறுதித் தலாக்கும் சொல்லப்பட்டு இத்தாவை முடித்த அவரை முஆவியா, அபூ ஜஹ்ம் (ரழி) ஆகிய இருவர் பெண் கேட்டனர். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் சென்று ஆலோசனை கேட்டார். ஒருவர் கையில் பணமில்லாதவர், மற்றவர் பெண்களை அடிப்பவர் என்று நபியவர்கள் உள்ளதைச் சொல்லி, உஸாமா (ரழி) அவர்களை மணமுடிக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அவருக்கு அதில் மனமிருக்கவில்லை. பின்னர் அந்த வாழ்வில் நன்மை கண்டதாக அவரே அறிவிக்கிறார். (முஸ்லிம்)

சம்பந்தம் பற்றி விசாரிக்கும்போது குறையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்று உலமாக்கள் விளக்குவதும் இதனால்தான். எனவே அவருடைய ஊரில், தொழில் செய்யுமிடத்தில், முடிந்தால் முன்னைய மனைவியின் குடும்பத்திலும் விசாரியுங்கள். முதல் வாழ்க்கை ஏன் முறிந்தது, பிள்ளைகளுக்குச் செலவு கொடுக்கிறாரா, கோபம் வந்தால் எப்படி நடப்பார் என்று கேளுங்கள். இருபது வயதில் வாப்பாவும் நானாமாரும் கேட்டார்கள். இப்போது நீங்களும் கேட்கலாம்.

இந்நாட்களில் அறிமுகம் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் இரவிரவாகத் தகவல் வரும். வீட்டுக்கு வரச் சொன்னால் மட்டும் சாட்டுச் சொல்வார். பெண் கேட்பவர் பெண்ணைப் பார்க்கவும் பேசவும் மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதை ராத்தாவோ நானாவோ வளர்ந்த மகனோ இருக்கும் சபையில் செய்யச் சொல்லுங்கள். அப்படி வரத் தயங்குபவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் பக்கத்துக் கணக்கையும் சரி செய்துகொள்ள வேண்டும். மாதவிடாய் உள்ளவருக்கு இத்தா மூன்று தவணைகள் (2:228). அது நின்றுபோனவருக்கு மூன்று மாதங்கள் (65:4). அது முடியும்வரை எவரும் வெளிப்படையாகப் பெண் கேட்கக் கூடாது. விவாகரத்து காதி நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் பிரதியைக் கையில் எடுங்கள். மஹர் பாக்கியிருந்தாலோ, கைக்கூலி திரும்ப வரவேண்டியிருந்தாலோ, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதியிடம் கேட்கலாம். நீங்கள் மறுமணம் செய்தாலும் பிள்ளைகளின் செலவு அவர்களுடைய வாப்பாவின் கடமைதான்.

விவாகரத்தான பெண்ணென்றால் இரகசியமாக இரண்டாம் தாரமாக்கிக்கொள்ளலாம் என்று வருவோரும் உண்டு. "இப்ப ஓதி முடிப்போம், பதிவைப் பொறகு பாப்போம்" என்பார்கள். பதியாததால் மட்டும் நிகாஹ் செல்லாமற் போவதில்லை என்று அதே சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நாளை செலவுக்கோ வாரிசுரிமைக்கோ நீங்கள் போய் நிற்கும்போது, மனைவி என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? மனைவியுள்ளவர் மறுமணம் செய்வதானால் முப்பது நாட்களுக்கு முன் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். அவர் கொடுத்தாரா என்று கேளுங்கள். பதிவில்லாத நிகாஹுக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவருக்கு வலி வேண்டும். வலி நியாயமின்றி மறுத்தாலோ, வலியே இல்லாவிட்டாலோ, காதி விசாரித்து வலியின்றி நிகாஹை அனுமதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நானாமாருடன் பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசியே தீர்த்துக்கொள்வது நல்லது.

கிழக்கிலே வீடு பெண்ணின் பேரில் இருப்பது வழக்கம். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கே வருவார். மத்திய கிழக்கில் உழைத்துச் சேமித்த பணமும் சிலரிடம் இருக்கும். வருபவர் தேடி வருவது உங்களையா, உறுதியையும் வங்கிப் புத்தகத்தையுமா என்று நிதானமாகப் பாருங்கள். மகளுக்கென்று நினைத்த வீட்டை நிகாஹுக்கு முன்பே என்ன செய்வதென்று குடும்பத்தோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது சந்தேகப் புத்தியல்ல, பின்னாளில் சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு.

பிள்ளைகளுக்கு இதை அடுத்த வீட்டார் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லுங்கள். குமர்ப்பிள்ளை உள்ள வீட்டில் புதிதாக ஓர் ஆண் வந்து வாழ்வது சிறிய விடயமல்ல. மகளின் தயக்கத்தைக் கேளுங்கள். அவளுடைய அறை, உடுப்பு, படிப்பு எல்லாம் எப்படி அமையுமென்று முதலிலேயே பேசுங்கள். ஆனால் உம்மாவின் வாழ்க்கையைப் பற்றிய முடிவைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு "எனக்கு வேண்டாம், பிள்ளைகளோடு இப்படியே இருக்கிறேன்" என்று நீங்கள் முடிவு செய்தால் அதிலும் குறையில்லை. எந்த முடிவானாலும் அது உங்களுடையதாக இருக்கட்டும். இஸ்திகாராத் தொழுது, அறிந்தவர்களிடம் கேட்டு, அவசரமின்றி எடுங்கள்.

இதை வாசிக்கும் உம்மாமாரே, ராத்தாமாரே! உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தங்கச்சி இருக்கலாம். அவளுக்குச் சம்பந்தம் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க முன், "உனக்கு விருப்பமா மகள்?" என்று அவளிடம் கேளுங்கள். முதல் கலியாணத்தில் யாரும் அதைக் கேட்காமல் விட்டிருக்கக் கூடும்.